அம்மாவின் முழங்காலை வைத்துப் போட்ட ரயில் திட்டம்

ஜப்பானுக்குப் போய் ரயிலிலேயே ஊர் சுற்றலாம் என்று நான் சொன்னதும் அம்மா கேட்டது இதுதான்: "அந்த ரயில்லயா ஏறச் சொல்ற?"

எங்கள் குடும்பத்தில் 'ஜப்பான்காரன் ரயில்' என்றால் ஒன்றுதான். அது சயாம் மரண ரயில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் ஆட்களைப் பிடித்துப்போய்ப் போட்ட பாதை. அம்மாவின் பெரியப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயதாம். 1943-ல் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பவே இல்லை. அம்மா பிறந்ததே அதற்குப் பல வருடம் கழித்துத்தான். ஆனாலும் அவருடைய பாட்டி சாகும்வரை அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுததைப் பார்த்து வளர்ந்தவர். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய குடும்பம் எதைக் கேட்டாலும் இப்படி ஒருவர் இருப்பார்.

அதனால் அம்மா அப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பேத்திதான் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "இல்ல பாட்டி, இது வேற ரயில்" என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சரி, போகலாம்" என்றார் அம்மா. எங்கள் மூவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் பழம் குவியும் காலம் என்பதால் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

முதன்முதலாகத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தோக்கியோ, நிக்கோ, கனசாவா, தகயாமா, கியோத்தோ, ஹிரோஷிமா, ஹக்காத்தா என்று பத்து நாளில் ஏழு ஊர் எழுதினேன். புல்லட் ரயில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும் நாட்டில் தூரம் ஒரு பொருட்டா என்ற நினைப்பு. இரவு ஷிப்ட் முடிந்து வந்த கணவர் அந்தத் தாளைப் பார்த்தார். ஊர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இதுல அத்தை எங்க உட்காருவாங்க?" என்றார்.

அந்தக் கேள்விதான் எங்கள் பயணத்தைக் காப்பாற்றியது. அம்மாவுக்கு வயது 68. முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) வெட்டி, அப்புறம் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கிய உடம்பு. முழங்கால் தேய்ந்திருக்கிறது. ரயிலுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஏறுவதற்கு முன்னாலும் இறங்கிய பிறகும் இருக்கும் நடைதான் கஷ்டம். ரயில் பயணத்தில் ஒவ்வொரு ஊர் மாற்றத்துக்கும் அந்த நடை இரண்டு முறை வரும். ஏழு ஊர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஒன்று செய்தோம். யாருக்கு யோசனை சொன்னாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்: ஒத்திகை பாருங்கள். ஒரு சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறி கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்குப் போனோம். ரயில் மேடையில் இறங்கியதிலிருந்து மேலே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காரும்வரை மகள் கைப்பேசியில் நேரம் எடுத்தாள். நான் தனியாக நடந்தால் ஏழு நிமிடம் ஆகும் இடத்துக்கு அம்மாவுடன் இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. மின்படிக்கட்டில் கால் வைக்க அம்மாவுக்குப் பயம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. லிஃப்டைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கூடவே நடுவில் ஒரு தடவை கழிவறை. அன்றைக்கே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். ரயில் மாற எட்டு நிமிடம் போதும் என்று செயலி சொன்னால், எங்களுக்கு அது இருபத்தைந்து நிமிடம். இந்தக் கணக்கை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தோம்.

ஏழு ஊர் நான்காகக் குறைந்தது. தோக்கியோவில் நான்கு இரவு, கியோத்தோவில் மூன்று, ஹிரோஷிமாவில் இரண்டு, கடைசியாக ஓசாக்காவில் ஒன்று. நாங்கள் ஒரே திசையில் போனதைக் கவனித்திருப்பீர்கள். இறங்கியது தோக்கியோ பக்கம் நரித்தா விமான நிலையத்தில், திரும்பியது ஓசாக்காவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து. போன ஊரிலிருந்தே திரும்பி வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இப்படி எடுத்ததில் விமான டிக்கெட் எங்களுக்குச் சற்றுக் கூடத்தான் வந்தது. ஆனால் ஓசாக்காவிலிருந்து தோக்கியோவுக்குத் திரும்பும் புல்லட் ரயில் காசும் அரை நாளும் மிச்சம்.

ரயில் பாஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். ஜப்பான் என்றாலே 'ஜேஆர் பாஸ் வாங்கு' என்று எல்லாரும் சொல்வார்கள், நாடு முழுவதும் ஜேஆர் நிறுவன ரயில்களில் ஏற உதவும் பாஸ் அது. ஒரு காலத்தில் அது சரியான யோசனை. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆனது. நாங்கள் 100 யென்னுக்குச் சுமார் 3 வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்கு வைத்திருந்தோம். அப்படியென்றால் ஓர் ஆளுக்கு 1,500 வெள்ளி, மூன்று பேருக்கு 4,500.

பாஸை வாங்குவதற்கு முன் ஒரு தாளில் நாங்கள் உண்மையில் ஏறப்போகும் நீண்ட தூர ரயில்களை மட்டும் எழுதினேன். தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்குச் சாதாரண டிக்கெட் ஏறத்தாழ 14,000 யென். அதற்குப் பிறகு எங்கள் பயணம் எல்லாமே மேற்குப் பக்கம்தான். அந்தப் பகுதிக்கென்றே கன்சாய்–ஹிரோஷிமா பாஸ் என்று ஒன்று இருக்கிறது. தொடர்ந்து ஐந்து நாள் செல்லும், நாங்கள் வாங்கியபோது 17,000 யென். இரண்டும் சேர்த்து 31,000. மூன்று பேருக்கும் கூட்டிப் பார்த்தால் 1,700 வெள்ளிக்கு மேல் மிச்சம். நாரா போன ரயில், ஷின்-ஓசாக்காவிலிருந்து ஹிரோஷிமாவுக்குப் புல்லட் ரயில், மியாஜிமா தீவுக்குப் படகு, கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போன ஹருக்கா ரயில் எல்லாம் இந்த ஐந்து நாளுக்குள் அடங்கின. அடங்கும்படி நாட்களை அடுக்கினோம் என்பதுதான் உண்மை. கியோத்தோவில் முதல் நாள் பாஸைத் தொடங்கவே இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கியோத்தோவுக்கும் ஷின்-ஓசாக்காவுக்கும் நடுவில் புல்லட் ரயிலில் ஏற இந்த பாஸ் செல்லாது. அந்தத் துண்டுக்குச் சாதாரண ரயிலில் போய் மாறிக்கொள்ள வேண்டும். எந்த பாஸாக இருந்தாலும் எது செல்லாது என்ற பகுதியை முதலில் படியுங்கள். வாங்கும் நாளில் விலையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் ஓடும் ரயில், பேருந்துக்கெல்லாம் பாஸ் தேடி அலைய வேண்டாம். சுயிக்கா மாதிரி ஒரு தட்டுகிற அட்டை போதும், நம் ஊர் டச் அண்ட் கோ போலத்தான். கடையில் தண்ணீர் வாங்கவும் உதவும்.

எப்போது போவது? ஏப்ரல் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை. ஆகஸ்ட் நடுவிலும் புத்தாண்டிலும் நாடே ஊருக்குக் கிளம்பும். அந்த நாட்களில் நொசோமி என்ற வேக ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. நாங்கள் தீபாவளி முடிந்து நவம்பரில் போனோம். குளிர் இருந்தது, ஆனால் அம்மாவால் தாங்க முடிகிற குளிர்தான்.

பாஸ்போர்ட் எடுக்க ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 100 வெள்ளி, எங்களுக்குத் தலைக்கு 200. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு ஜப்பானில் 90 நாள்வரை விசா வேண்டாம். ஈப்போ அலுவலகத்தில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அம்மாவின் கைரேகை இயந்திரத்தில் விழவில்லை. கட்டை விரலை எத்தனை முறை வைத்தாலும் சிவப்பு விளக்குதான். முப்பது வருடம் உளியும் பாலும் பட்டுத் தேய்ந்த விரல்கள். அம்மா கையை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தோட்டத்தில் வேலை செய்த பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதை அவசியம் மனத்தில் வையுங்கள். ஜப்பானிலும் நாட்டுக்குள் நுழையும்போது இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகையையும் எடுப்பார்கள். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து தினமும் இரவு அம்மாவின் விரல்களுக்கு மகள் கிரீம் தடவிவிட்டாள். வரிசையில் நிற்கும்போது விரலைச் சற்று ஈரமாக்கித் துடைத்தோம். நரித்தாவில் மூன்றாவது முயற்சியில் விழுந்துவிட்டது.

மருந்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்கு ஒரு மாதத்துக்கான மாத்திரைகளைக் கொண்டுபோகலாம். ஆனால் சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மருந்துகளுக்கு அங்கே தடை. அம்மாவின் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை அட்டையோடு வைத்து, மருத்துவரின் கடிதமும் வாங்கிக்கொண்டோம்.

பெட்டி விஷயத்தில் தையல் டேப் எடுத்து அளந்தது நல்லதாகப் போயிற்று. தோக்கியோவிலிருந்து மேற்கே போகும் புல்லட் ரயில்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செண்டிமீட்டருக்கு மேல் வந்தால், அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏற்றினால் 1,000 யென். எங்கள் பெரிய பெட்டி 171 வந்தது. ஆனால் நாங்கள் அதை ரயிலில் ஏற்றவே இல்லை. தங்கும் விடுதியிலிருந்து அடுத்த ஊர் விடுதிக்குப் பெட்டியை அனுப்பும் சேவை ஜப்பானில் இருக்கிறது, தக்கியூபின் என்பார்கள். பெரிய பெட்டிக்கு 3,000 யென் அளவில் ஆனது. இன்று கொடுத்தால் நாளை அங்கே இருக்கும். தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஒரு தடவை அனுப்பினோம். அப்புறம் கியோத்தோவிலிருந்து நேராக ஓசாக்காவுக்குத் தேதி குறிப்பிட்டு அனுப்பிவிட்டு, ஹிரோஷிமாவுக்கு முதுகுப்பையோடு போனோம். பெட்டிக்கு ஒரு கை போய்விட்டால் அம்மாவைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். இந்தப் பயணத்தில் நான் மனம் நிறைந்து கொடுத்த காசு அதுதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அம்மா வெள்ளிக்கிழமை சுத்த சைவம். 'கியூநிக்கு' என்றால் மாட்டிறைச்சி, 'நிக்கு' என்றால் இறைச்சி, 'சகானா' மீன். இந்த மூன்று சொல்லையும் மகள் ஓர் அட்டையில் ஜப்பானிய எழுத்தில் அச்சடித்து, 'இவை வேண்டாம்' என்று சேர்த்துக்கொண்டாள். கறி என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம் ஊர்க் கறி என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மசாலாக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்பு கலந்திருப்பது சகஜம். காய்கறிச் சூப்பு என்று நினைப்பதிலும் மீன் சாறு இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைக் காப்பாற்றியது பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும்தான். உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டையும் சூடாக்கிச் சாப்பிடும் வெள்ளைச் சோறும் சின்னக் கடைகளிலேயே கிடைக்கின்றன. இறைச்சி சேர்ந்த எதையும் இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள், அதை நாட்டுக்குள் விடமாட்டார்கள். புல்லட் ரயிலில் தாராளமாகச் சாப்பிடலாம். ஊருக்குள் ஓடும் ரயில்களில் யாரும் சாப்பிடுவதில்லை, கைப்பேசியில் பேசுவதும் இல்லை.

இவ்வளவு திட்டம் போட்டும் கியோத்தோ ரயிலைத் தவறவிட்டோம். தோக்கியோ நிலையத்தில் புல்லட் ரயிலுக்கு இரண்டு தனித்தனி வாயில்கள் உண்டு. பச்சை அடையாளம் போட்டது வடக்கே போகிறவர்களுக்கு. கியோத்தோ பக்கம் போகிறவர்களுக்கு நீல அடையாளம், 14 முதல் 19 வரையிலான மேடைகள். நாங்கள் பச்சை வாயிலில் போய் நின்றோம். டிக்கெட்டை உள்ளே விட்டதும் கதவு மூடிக்கொண்டது. சரியான வாயிலைக் கண்டுபிடித்து, லிஃப்டைத் தேடி மேலே ஏறும்போது எங்கள் ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேடையில் இருந்த ஊழியர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, ஒன்று முதல் ஐந்து என்று விரலைக் காட்டினார். சாதாரண முன்பதிவு டிக்கெட்டாக இருந்தால், ரயிலைத் தவறவிட்டாலும் அன்றைக்கே பின்னால் வரும் ரயிலில் முன்பதிவில்லாத பெட்டிகளில் ஏறிக்கொள்ளலாம். அடுத்த ஹிக்காரி ரயிலில் அவை முதல் ஐந்து பெட்டிகள். சலுகை விலை டிக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. காசு மிச்சம் என்று அதை வாங்காமல் விட்டது அன்றைக்கு எங்களைக் காத்தது.

ஃபூஜி மலை தெரிய வேண்டும் என்று வலப்பக்க ஜன்னலோரம் உள்ள E இருக்கையைப் பதிவு செய்து வைத்திருந்தேன், அது போய்விட்டது. ஏறி முக்கால் மணி நேரத்தில் மகள் பாட்டியை மெல்ல எழுப்பி, பெட்டிக்கு வெளியே கதவோரம் உள்ள கண்ணாடிக்குக் கூட்டிப்போனாள். உச்சியில் மட்டும் பனி. "இவ்ளோ பெரிய மலைய ஒத்தையா நிக்க வச்சிருக்காங்க" என்றார் அம்மா.

கியோத்தோவில் கூட்டம் அதிகம். காலை ஏழு மணிக்கே புறப்பட்டு மதியம் அறைக்குத் திரும்பிவிடுவோம். ஃபூஷிமி இனாரிக்கு கியோத்தோ நிலையத்திலிருந்து நாரா ரயிலில் இரண்டாவது நிறுத்தம், இறங்கினால் எதிரிலேயே கோவில். அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டார், மலைக்கு நாங்கள் மட்டும் ஏறினோம். ஹிரோஷிமாவில் டிராம் வண்டி நின்ற இடத்துக்கு எதிரே, 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்து எலும்புக்கூடாக நின்றுவிட்ட கட்டடம். அம்மா வெகுநேரம் பார்த்தார். "இதுக்கப்புறம்தான் நம்ம ஆளுங்களத் திருப்பி விட்டாங்கன்னு பாட்டி சொல்லும்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா இந்தப் புள்ளைங்க என்னா பண்ணுச்சு" என்றார்.

திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டிருந்ததை இன்னும் சொல்லவில்லை. தோக்கியோவின் நான்காவது நாள் அது. உடம்புக்கு முடியாவிட்டால் படுத்திருக்க, மழை பெய்தால் தள்ளிப்போட, துணி துவைக்க என்று விட்டது. எவ்வளவு குறுகிய பயணமாக இருந்தாலும் அப்படி ஒரு நாளை விடுங்கள்.

அன்று காலை மகள் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு அது முன்பே தெரியும், பாட்டி என்ன நினைப்பாரோ என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த சயாம் பாதையில் ஓடிய ரயில் எஞ்சின் ஒன்றைத் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்து இங்கே தோக்கியோவில் வைத்திருக்கிறார்கள். போரில் இறந்த ஜப்பானியர்களை, போர்க் குற்றவாளிகளையும் சேர்த்து, வணங்கும் யசுக்குனி ஆலயத்தை ஒட்டிய யூஷூக்கான் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி ஆசிய நாடுகளுக்கு எவ்வளவு மனக்கசப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். எனக்கே போக மனமில்லை. அம்மாவிடம் கேட்டோம். சீலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

குதான்ஷித்தா நிலையத்திலிருந்து மேட்டில் ஏற வேண்டும். வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். ஆலயத்தில் நிற்காமல் நேராக முன்கூடத்துக்குப் போனோம், அந்தக் கூடத்துக்கு டிக்கெட் இல்லை. கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கறுப்பு எஞ்சின், பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். முகப்பில் இருந்த எண்ணை மகள் வாசித்துக் காட்டினாள்: சி56 31. அந்தப் பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள் என்று அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

அம்மா அதன் சக்கரத்தின் உயரத்தைத் தன் இடுப்போடு சேர்த்து அளந்து பார்த்தார். தலையிலிருந்து கடைசிவரை ஒருமுறை நடந்தார். முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல்தான் நடந்தார். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோ சின்னதாம்மா?" என்றார். "பாட்டி சொல்றதக் கேட்டு நான் மலை மாதிரி இருக்கும்னு நெனச்சிருந்தேன்."

சுவரோரம் ஓர் இருக்கை இருந்தது. மதியம்வரை அங்கே உட்கார்ந்திருந்தோம்.